ஒருசந்தித் தட்டு

மோதிரத்துக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். உள்ளங்கைப் பக்கம் வரும் இடத்தில் வெள்ளை நூலை நெருக்கமாகச் சுற்றி முடிச்சுப் போட்டால் விரலில் நிற்கும். ஆரம்பத்தில் நாலைந்து சுற்றே போதுமாக இருந்தது. பிறகு அதன் மேல் இன்னொரு அடுக்கு. இன்று சாயங்காலம் அதற்கும் மேலே சுற்றலாம் என்று நூல்கண்டைத் தேடியபோது, தையல் டப்பாவின் அடியிலிருந்து உன் டேப் உருளை கைக்கு வந்தது. செல்கள் வளரும் தட்டுகளின் மூடியில் விவரம் எழுதி ஒட்டுவோமே, அந்த வெள்ளைக் காகித டேப். கால்வாசிதான் மிச்சம். அதன் முனை கோணல்மாணலாக, நீ பல்லால் கிழித்தபடியே இன்னும் இருக்கிறது.

கத்தரிக்கோல் பக்கத்திலேயே கிடந்தாலும் நீ பல்லால்தான் கிழிப்பாய். சோதனைக்கூடத்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று நான் கத்துவேன். "ஏ ராயபுரம், இது வியாசர்பாடி பல்லு. கிருமியே மெர்சலாயி ஓடிடும், நீ உன் வேலய பாரு" என்பாய். இருவருக்கும் அம்மா அப்பா வைத்த பெயர் இருந்தும் நாம் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டோம். நீ போன பிறகு என்னை யாரும் ராயபுரம் என்று கூப்பிடுவதில்லை. இந்த உருளையையும் நான் பிரித்ததில்லை. ஒரு துண்டு எடுத்தாலும் அந்த முனை போய்விடும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். நாளைக் காலை எனக்கு வயிற்று ஸ்கேன். ஏற்கெனவே இரண்டு முறை நாள் வாங்கி, இரண்டு முறையும் போகாமல் இருந்துவிட்டேன். ஸ்கேன் என்ற பேச்சே வீட்டுக்காரருக்குத் தெரியாது. நாளைக்கும் போகாமல் இருந்துவிடுவேனோ என்றுதான் இப்போது என் பயம். போய்ப் படுத்துவிட்டால் என்ன தெரியவரும் என்பது அதைவிடப் பெரிய பயம்.

மோதிரம் முதலில் கழன்றது நம் சோதனைக்கூடத்துத் தொட்டியில். கையுறை போடுவதற்கு முன்னால் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். கல்யாணத்தன்று கோயிலில் போட்ட நாளிலிருந்து, எண்ணெய் தடவினால்கூடக் கழலாத மோதிரம். அது தானாக வழுக்கிக்கொண்டு போய் டங்கென்று விழுந்தது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். குழாயை மூட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. உன் கைக்கடிகாரம்தான் கண்ணுக்குள் நின்றது.

அந்த ஸ்டீல் செயின் வாட்ச், நீ கையைத் தூக்கும்போதெல்லாம் முழங்கை வரை இறங்கிவிடும். வண்ணாரப்பேட்டையில் கடைக்காரரிடம் கொடுத்து ஒரு கண்ணியைக் கழற்றிவிட்டு வந்தாய். பிறகு மறுபடியும் ஒன்று. "எளச்சிட்டேன் பாத்தியா, ஷோக்கா கீதா?" என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு திரும்பித் திரும்பிக் காட்டினாய். எனக்கு அன்று பொறாமையாகத்தான் இருந்தது. நானும் சாயங்கால நடை நடந்து பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. உன் உடம்பு ஏன் குறைகிறது என்று, உடம்பு குறைவதை அளப்பதையே வேலையாக வைத்திருந்த நாம் இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

நம் வேலை என்ன என்று வெளியே யாராவது கேட்டால் நீ சொல்லும் பதில் ஞாபகம் வருகிறது. "மாட்டு ரத்தத்துல சோறு வடிச்சி கண்ணுக்குத் தெரியாத புள்ளைங்களுக்கு ஊட்டுறோம்." கேட்டவர் அதற்குமேல் கேட்க மாட்டார். திருவொற்றியூரில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் அந்தச் சின்ன மருந்துக் கம்பெனி. எண்ணூர்த் தொழிற்சாலைகளின் பக்கத்திலிருந்து காற்று அடித்தால் வாசலில் நிற்க முடியாது, தொண்டை காந்தும். உள்ளே செல் வளர்க்கும் அறைக்கு மட்டும் வடிகட்டிய காற்று வரும். நீ அந்த அறைக்குள் நுழைந்ததும் ஒரு நிமிஷம் நின்று மூச்சை ஆழமாக இழுப்பாய். "எங்க அக்கா புள்ளைங்களுக்குக்கூட இப்டி காத்து கெடையாது. இதுங்களுக்கு வந்த வாழ்வ பாரு."

அந்தச் செல்கள் புரதத்தைக் கட்டிக்கொண்டே இருக்கும். கட்டியதை உடைத்துக்கொண்டும் இருக்கும். கம்பெனிக்கு வேண்டியது கட்டுகிற புரதம், அதுதான் மருந்தாகும். செல்லோ கட்டியதில் ஒரு பங்கை நாம் எடுப்பதற்குள் தானே உடைத்துத் தள்ளிவிடும். எந்த மாதிரி வளர்த்தால் குறைவாக உடைக்கிறது, மீடியத்தில் சேர்க்கிற கன்றுச் சீரத்தை எவ்வளவு வரைக்கும் குறைக்கலாம் என்று பார்க்கச் சொன்னார் நம் தலைமை சார். மீடியம் என்பது செல்கள் முங்கிக் கிடக்கும் சிவப்புத் திரவம். சீரம் அதில் கலக்கிற ரத்தத் தெளிவு. சார் போனதும் நீ ஸ்டூலைச் சுழற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினாய். "இன்னாடி இது, எவ்ளோ கம்மியா போட்டா சாவாம வேல செய்யும்னு கேக்குறாரு. ஹார்பர் காண்ட்ராக்டரு மாரியே கீது."

அளக்கும் விதம் உனக்குத் தெரியாததில்லை, எனக்காக எழுதிப் பார்க்கிறேன். அடையாளம் வைத்த அமினோ அமிலத்தைச் செல்களுக்கு ஊட்டுவோம். அது புரதத்துக்குள் போய்ச் சேர்ந்ததும் தட்டைக் கழுவி, சிலவற்றுக்குச் சீரம் கலந்த மீடியமும் சிலவற்றுக்குச் சீரம் இல்லாததும் ஊற்றுவோம். பிறகு மேலே நிற்கும் திரவத்தில் அந்த அடையாளம் எவ்வளவு வந்து கலந்திருக்கிறது என்று பார்ப்போம். வெளியே வந்த அளவுக்கு உள்ளே புரதம் உடைந்திருக்கிறது என்று கணக்கு.

சீரம் இல்லாத தட்டை மைக்ராஸ்கோப்பில் பார்க்க எனக்கு அப்போதே பயம். நன்றாகப் பரந்து படுத்திருந்த செல்கள் ஒடுங்கி, ஓரம் சுருங்கி, மெலிந்து நீண்டிருக்கும். செத்துப்போய்விட்டால்கூட எனக்கு அவ்வளவு இருக்காது. அவை சாவதில்லை. தன் உடம்பிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துத் தின்றுகொண்டு உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். நான் கண்ணை எடுத்துவிடுவேன். நீ இடம் மாறி உட்கார்ந்து எண்ணுவாய்.

சார் அதற்குப் பட்டினி என்றார். பட்டினித் தட்டு என்று எழுதச் சொன்னார். நீ எழுத மாட்டேன் என்றாய். காரணம் சொல்லவில்லை, சொல்லாமல் வெறும் கோடு மட்டும் போட்டு வைத்திருந்தாய். அதற்குப் பெயர் கிடைத்தது, எங்கள் தபசு கால நோன்பு தொடங்கும் சாம்பல் புதன் அன்று. நெற்றியில் சாம்பலோடு வேலைக்கு வந்த நான் மதியம் சாப்பிட வரவில்லை என்பதை நீ கவனித்துவிட்டாய்.

"இன்னாடி, நாஷ்டாவும் துன்னல, இப்பவும் துன்னல?"

"ஒருசந்தி."

"அப்டின்னா?"

"ஒரு வேளதான் சாப்பாடு. ராத்திரி வூட்டுக்குப் போயி சாப்டுவேன்."

"அப்ப பட்டினி கெடையாது."

"பட்டினி இல்லடி. ஒருசந்தி."

உன் நைனா வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு உங்கள் வீட்டில் எப்படி இருந்தது என்று ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறாய், அதுவும் சிரித்துக்கொண்டே. அன்று சிரிக்கவில்லை. "பட்டினின்னா எப்ப முடியும்னு தெரியாதுடி. நான் பாத்துகீறேன். உன்க்கு ராத்திரி சோறு கீதுன்னு தெரியும், அதான் சாம்பல பூசிகினு ஜாலியா குந்திகினு கீற. இதுங்களும் ஒருசந்திதான்" என்று சொல்லி டேப்பைக் கிழித்தாய். 'ஒ.ச.' என்று எழுதினாய். அதன் கீழே 'சோறு' என்று எழுதி, சீரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நேரத்தைப் போட்டாய்.

அதுவே நம் அறையின் சட்டமாகிவிட்டது. சோறு நேரம் எழுதாமல் ஒரு தட்டும் இன்குபேட்டருக்குள் போகக் கூடாது. அவசரத்தில் நான் மறந்தால் தட்டை வெளியே எடுத்து என் முன்னால் வைத்துவிடுவாய். "ஒருசந்தி போட்டவ எப்ப சோறுன்னு எயுதிட்டு போ." வேலைக்கும் அது நல்லதாகத்தான் இருந்தது. ஒரு அளவுக்கு மேல் விட்டுவிட்டால் எவ்வளவு சீரம் ஊற்றினாலும் அந்தச் செல்கள் பழையபடி பரந்து படுக்காது. தணிக்கைக்கு வந்த பெரியவர் ஒ.ச. என்றால் என்ன என்று கேட்டார். நீ முகம் மாறாமல் "ஒயுங்கா சாப்டாதது சார்" என்றாய். அவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். நான் தட்டுகளைத் திறக்கும் ஹூடின் கண்ணாடிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தேன்.

ஒரு முறை எல்லாம் குழம்பியது. சீரம் கொடுத்த தட்டிலும் ஒருசந்தித் தட்டிலும் புரதம் ஒரே மாதிரி உடைந்தது. மறுபடி செய்தோம், அதேதான். மெஷின் மேல் சந்தேகப்பட்டோம், மருந்து மேல் சந்தேகப்பட்டோம். சார் நம் மேல் சந்தேகப்பட்டார். கடைசியில் நீதான் சீரத் தட்டு ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாய். சிவப்பாக இருக்க வேண்டிய மீடியம் மஞ்சளாகியிருந்தது. சனிக்கிழமை ஊற்றிய மீடியம். ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்கும் நீ உன் தூக்கத்துக்கும் போய்விட்டோம். அதற்குள் செல்கள் பெருகி, தட்டில் இடமில்லாமல் நெருக்கியடித்து, இருந்ததையெல்லாம் தீர்த்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் அவையும் தங்களைத் தாங்களே தின்ன ஆரம்பித்திருந்தன. மூடியில் மட்டும் சோறு போட்டதாக எழுதியிருந்தது.

"போட்டோம்னு எயுதிட்டா ஆச்சா? தீந்துச்சா, கீதா, யாரு பாத்தது?" என்று உன்னையே திட்டிக்கொண்டாய். புது மீடியம் ஊற்றியதும் கொஞ்ச நேரத்திலேயே உடைவது குறைந்துவிட்டது. அதிலிருந்து திங்கட்கிழமைகளில் நான் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான்.

இன்னொன்றும் நீ செய்து பார்த்தாய். இந்த ஒரு மாதமாக அதுதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. சீரம் இல்லாத மீடியத்திலும் சர்க்கரை இருக்கிறது, அமினோ அமிலங்கள் இருக்கின்றன. பிறகு ஏன் செல் தன்னைத் தின்கிறது என்று நான் கேட்டேன். "சோறு எதுர்லயே கீதுடி. துன்னுன்னு சொல்ல ஆள் இல்ல. அதான் தன் கையயே கடிச்சிக்கிது" என்றாய். சீரத்தில் இருப்பது அந்த ஆள். ஒரு ஒருசந்தித் தட்டில் சீரம் சேர்க்காமல் இன்சுலினை மட்டும் துளியாக விட்டுப் பார்த்தாய். உடைவது அடங்கியது. "பாத்தியா, ஒரு ஆளு வந்து துன்னுடா கண்ணுன்னு சொன்னா போதும்" என்றாய். அன்று நாம் இருவரும் கேன்டீனில் ஆளுக்கு இரண்டு வடை சாப்பிட்டோம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு புற்றுக்கட்டியிலிருந்து வந்த செல்களையும் வளர்த்தோம். அவற்றையும் ஒருசந்தி போட்டோம். மற்றவை ஒடுங்கிப்போன அதே மீடியத்தில் இவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி வளர்ந்துகொண்டிருந்தன. உடைவது பெரிதாக ஏறவே இல்லை. மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்த நீ "இதுங்களுக்கு ஒருசந்தியும் தெரியாது, தபசு காலமும் தெரியாது. மெதப்ப பாரு" என்றாய். நானும் சிரித்தேன். உன் வாட்ச் அன்றும் முழங்கையில்தான் கிடந்தது.

ஆஸ்பத்திரிக்கு நீயாகப் போகவில்லை. வயிற்றுவலியை வாயு என்றாய், சூடு என்றாய். நான் டாக்டரிடம் போகலாம் என்றபோது "பாத்தாதானே தெரியும், வுடு" என்று பேச்சை மாற்றினாய். எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே இருந்தவள், இதில் மட்டும் என்னைவிடப் பயந்தாங்கொள்ளி என்று எனக்குத் தெரியவில்லை. பார்த்தபோது கணையத்தில் இருந்தது, ஈரலுக்கும் போயிருந்தது.

வார்டில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மதியங்களில் உன் கையைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். முழங்கைக்கு மேலே எலும்பின் உருவம் தெரிந்தது. பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள், நீ குறைந்துகொண்டே போனாய். ஒரு நாள் நீயே சொல்லிவிட்டாய். "ஏ ராயபுரம். நல்லதெல்லாம் ஒருசந்தி கீது. அது மட்டும் விருந்து துன்னுகினு கீது." பிறகு என் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாய். "மெர்சலா கீதுடி எனக்கு." அந்த வார்த்தையை நீ உன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

மறுநாள் ஏதோ குழாய் வைக்கப்போகிறார்கள் என்று வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்றார்கள். நீ உன் கைப்பையைக் காட்டினாய். அதற்குள் இந்த உருளை இருந்தது, கூடத்திலிருந்து எப்போது போட்டுக்கொண்டு வந்தாயோ. நான் கிழிக்கப் போனேன், கொடுக்கவில்லை. பல்லால்தான் கிழித்தாய். முதல் தடவை கிழியவில்லை. கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் கடித்தாய். நான் அதில் ஒ.ச. என்று எழுதினேன், கீழே சோறு என்று எழுதினேன். நேரம் என்ன போடுவது என்று நர்ஸிடம் கேட்டேன்.

"டாக்டர்தாம்மா சொல்லணும்" என்றார் அவர்.

"நேரத்த வுட்டுடு. அப்பால எயுதிக்கலாம்" என்றாய் நீ.

கட்டில் கம்பியில் ஒட்டினேன். அதை எழுதும் நேரம் வரவில்லை.

உங்கள் வீட்டில் உன்னைக் கிடத்தியிருந்தபோது உன் அம்மா ஒரு தட்டில் அரிசி வைத்திருந்தார். எங்களில் வாய்க்கரிசி போடும் வழக்கமில்லை, நான் சுவரோரமாக நின்றேன். "வா கண்ணு, நீயும் போடு. தோஸ்தாச்சே அவளுக்கு" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். போட்டேன். உன் உதட்டில் இரண்டு அரிசி ஒட்டிக்கொண்டு உள்ளே போகாமல் நின்றது. அங்கே நிற்க முடியாமல் படிக்கட்டுக்கு ஓடி வந்துவிட்டேன். ஆண்கள் உன்னை மூலக்கொத்தளத்துச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் நான் இப்போதும் ஏறுவதில்லை. சுற்றிக்கொண்டு போகிறேன், தாமதமானாலும் பரவாயில்லை என்று. உன் கைப்பையை உன் அம்மா பிறகு என்னிடம் கொடுத்துவிட்டார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். மோதிரம் கழன்ற நாளிலிருந்து நூல் சுற்றிக்கொண்டு யாருக்கும் தெரியாமல் இருந்தேன். ஜாக்கெட்டுகளை நானே பிடித்துத் தைத்துக்கொண்டேன். நன்றாகத்தான் சாப்பிட்டேன், முன்பைவிட அதிகமாகவே சாப்பிட்டேன், அதுதான் என்னை நடுங்க வைத்தது. சாப்பிடச் சாப்பிட உடம்பு கரைந்தால் எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். கண்ணாடி முன்னால் தோள் எலும்பைத் தொட்டுப் பார்க்கும்போது, மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுப்பதுபோல எடுத்துவிடுவேன்.

தாகம்தான் காட்டிக்கொடுத்தது. ஹார்பரில் கிரேன் ஓட்டிவிட்டு வந்த வீட்டுக்காரர் குடத்தை எட்டிப் பார்த்துவிட்டு "இன்னாம்மே, லாரித் தண்ணி மொத்தமும் நீயே குடிச்சிட்றியா?" என்றார். தெருமுனை டாக்டரம்மாவிடம் அவரே கூட்டிக்கொண்டு போனார். விரலில் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்தது.

எனக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. வெறும் சர்க்கரை. ரத்தம் முழுக்கச் சோறு ஓடுகிறது, துன்னு என்று சொல்ல ஆள் இல்லை, அதனால்தான் என் செல்கள் தங்கள் கையைக் கடித்துக்கொள்கின்றன. நீ சொன்னதேதான். டாக்டரம்மா இன்சுலின் எழுதினார். முதல் முறை வயிற்றைக் கிள்ளிப் பிடித்து ஊசி போட்டுக்கொண்டபோது "துன்னுடா கண்ணு" என்று வாய்விட்டுச் சொன்னேன். வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஆனால் அடுத்த முறை நான் தனியாகப் போயிருந்தபோது டாக்டரம்மா என் கையைப் பிடித்துப் பார்த்தார். "வீட்ல யாருக்கும் சர்க்கரை இல்லன்றீங்க. திடீர்னு வந்திருக்கு, உடம்பும் இவ்ளோ எளைச்சிருக்கீங்க. ஒண்ணும் இருக்காது, ஆனாலும் கணையத்த ஒரு ஸ்கேன் பாத்துடலாம்" என்றார். அவர் சொன்ன இடம் உன் இடம். சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து, ராயபுரம் ஸ்டேஷன் படியில் உட்கார்ந்துவிட்டேன். ரயில் வந்து போனது, அடுத்ததும் வந்து போனது. அதற்குப் பிறகு இரண்டு முறை நாள் வாங்கினேன். ஒரு முறை வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னொரு முறை வாசல் வரை போய்த் திரும்பினேன். பாத்தாதானே தெரியும், வுடு என்று உன் குரல் என் வாயிலிருந்தே வந்தது.

இன்சுலின் போட ஆரம்பித்து இத்தனை நாளாகியும் இன்று நூல் தளர்ந்திருந்தது. உடம்பு ஏறக் கொஞ்ச நாளாகும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். நூல் நனைந்து இறங்கிப்போயிருக்கலாம். எதுவென்று எனக்குத் தெரியவில்லை. மோதிரத்தை வைத்து அதைத் தெரிந்துகொள்ள முடியாது. எழுதியிருப்பதை நம்பி மூடியைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தத் திங்கட்கிழமை மாதிரிதான் நான் நூலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாராவது தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

இதுவரை எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன், மிச்சத்தை இப்போது ராத்திரியில் எழுதுகிறேன். ஸ்கேன் எடுக்கும் இடத்துப் பெண்ணுக்குப் போன் செய்தேன். மூன்றாவது முறை என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. "வெறும் வயித்துல வாங்கம்மா. சாப்புட்ற வரைக்கும் ஊசி போட வேணாம். முடிஞ்சதும் சாப்பாடு சாப்ட்டுக்கலாம்" என்றாள்.

"எத்தினி மணிக்கு முடியும்? சரியா சொல்லும்மா."

"பதினொண்ணுக்குள்ள வுட்டுடுவோம்."

நூலை வெட்டிவிட்டேன். மோதிரத்தைக் கழற்றி மாதா படத்தின் கீழே வைத்தேன். பிறகு உன் உருளையை எடுத்தேன். கொஞ்ச நேரம் உன் முனையைத் தடவிக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோல் எதிரிலேயே இருந்தது. உருளையை வாய்க்குக் கொண்டுபோய்ப் பல்லால் கடித்து இழுத்தேன். பழசாகியும் பசை போகவில்லை, நாக்கில் கசந்தது. ஒ.ச. என்று எழுதினேன். கீழே 'சோறு, பதினோரு மணி' என்று எழுதி, சோற்றுப் பானை மூடியில் ஒட்டினேன். எழுத்து உன் எழுத்து மாதிரியே கோணலாக வந்திருக்கிறது.

வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து, கை கழுவிவிட்டுப் பானை முன்னால் நின்றார்.

"இன்னா இது, ஒருசந்தியா? தபசு காலம் முடிஞ்சி எம்மா நாளாச்சி."

"நாளைக்கு எனக்கு ஸ்கேன்."

"இன்னா ஸ்கேன்?"

சொன்னேன். டாக்டரம்மா சொன்னது, இரண்டு முறை போகாதது, நூல், ஜாக்கெட், எல்லாம். அவருக்கு உன்னையும் தெரியும், உனக்கு எங்கே வந்தது என்றும் தெரியும். மோதிரம் இல்லாத என் விரலைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பானையையே பார்த்துக்கொண்டிருந்தார். பயந்துவிட்டார். கிரேன் மேலே ஏறி உட்காருகிற மனிதர் அவர்.

"நானும் வரேன்" என்றார். அப்புறம், "பதினோரு மணிக்கு வந்ததும் துன்ற மாரி கார்த்தாலயே ஆக்கி வெச்சிட்றேன். இன்னா கொயம்பு வெக்கட்டும்?" என்றார்.

"வஞ்சிரம்" என்றேன்.

பயம் போய்விட்டது என்று உனக்கு எழுத ஆசைதான். போகவில்லை. நாளை அந்த மெஷினுக்கு அடியில் படுக்கும்போது உன் உதட்டில் நின்ற அரிசிதான் ஞாபகம் வரும், எனக்குத் தெரியும். ஆனாலும் போவேன். கைப்பையில் இன்சுலினை வைத்துவிட்டேன், பக்கத்தில் உன் உருளையையும். அதில் இப்போது இருப்பது என் பல் தடம். உன் முனை பானை மூடியில், சோறு நேரத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.